குடும்ப மருத்துவரிடமே பணப்பையைக் கொடுத்தால்?

பிரிட்டனில் நோயாளிகளுக்கான நிதியைக் குடும்ப மருத்துவர்களிடமே ஒப்படைத்தார்களாமே, அது பலித்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி பலித்தது, மீதி கசந்தது.

பிரதமர் தாட்சரின் அரசு இயற்றிய சட்டப்படி 1991 ஏப்ரலில் திட்டம் தொடங்கியது. விருப்பமுள்ள மருத்துவர் குழுக்கள் மட்டும் சேரலாம். தொடக்கத்தில் நிறைய நோயாளிகள் பதிவு செய்திருந்த பெரிய குழுக்களுக்கே இடம். அவசர சிகிச்சை இந்தக் கணக்கில் வராது. நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை, பரிசோதனை, மருந்து ஆகியவற்றுக்குத்தான் பணம். ஒரே நோயாளியால் கஜானா காலியாகிவிடாதபடி, ஒருவருக்கான மருத்துவமனைச் செலவு ஆண்டுக்கு 5,000 பவுண்டைத் தாண்டினால் மீதியை அரசின் சுகாதார ஆணையமே ஏற்றது.

கண்புரையோடு ஒரு பாட்டி வருகிறார் என்று வையுங்கள். முன்பெல்லாம் மருத்துவர் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். திட்டத்தில் சேர்ந்தபிறகோ, மருத்துவமனையிடம் "எத்தனை வாரத்தில் செய்வீர்கள்? இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறேன்" என்று கேட்க முடிந்தது. மருத்துவமனைகள் பணிந்தன. ஆனால் பக்கத்துத் தெரு மருத்துவர் திட்டத்தில் சேராதவர் என்றால், அவருடைய நோயாளி பின்வரிசையில்தான். "இரண்டு தரமா?" என்ற கோபம் நியாயமானதே. மிச்சப்பட்ட பணத்தை மருத்துவரகத்தின் மேம்பாட்டுக்குச் செலவிடலாம் என்ற விதியும் எனக்கு உறுத்துகிறது. நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பப் பரிந்துரைக் கடிதம் எழுதாமல் விட்டால், அதுவும் சேமிப்புதானே!

பிரதமர் பிளேரின் அரசு 1999இல் இதைக் கைவிட்டது. 2013இல் வேறு உருவில் திரும்பியது: இங்கிலாந்து முழுவதும் நிதியை நிர்வகிக்க 211 குழுக்கள், எல்லாக் குடும்ப மருத்துவரகங்களும் கட்டாய உறுப்பினர்கள். அவையும் 2022 ஜூலையில் கலைக்கப்பட்டன.