புது ஏ.ரி.வி: முதல் இரண்டு வாரத்தில் எது பழுது, எது பழக்கம்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஒன்ராறியோவில் லின்சேக்கு வெளியே 12 ஏக்கர் காணியோடு வீடு. வீதியில் இருந்து கராஜ் வரை 250 அடி கிறவல் பாதை. ஸ்னோ தள்ளவும் விறகு இழுக்கவும் என்று பவர் ஸ்ரியறிங் உள்ள புது யமஹா கோடியாக் 700 ஏ.ரி.வி. (கரடுமுரடான தரையில் ஓடும் நாலு சில்லு வண்டி), 60 அங்குல பிளேடும் வின்சும் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) பூட்டி வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு வாரம் ஓடியதில் காலுக்குச் சூடு அடிக்கிறது, கருகிய மணம் வருகிறது, போர் வீல் போட்டால் விளக்கு மின்னிக்கொண்டே நிற்கிறது, டிபெரன்சல் லொக் போட்டால் ஹாண்டிலைத் திருப்பவே முடியவில்லை. பழுதான வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்களா என்று கேட்கிறீர்கள்.

இல்லை. மூன்று விசயம் அந்த வண்டியின் சுபாவம். மணத்தை மட்டும் வடிவாகக் கவனிக்க வேண்டும்.

சூடு: 686 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் உங்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருக்கிறது. மெதுவாக ஓடும்போது காற்றோட்டம் இல்லை, சூடு காலில்தான் படும். ஜனவரியில் அதையே விரும்புவீர்கள்.

விளக்கு: போர் வீல் பொத்தானை அழுத்தியதும் முன் டிபெரன்சலில் (இரண்டு முன்சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒரு சின்ன மோட்டார் உள்ளே பல்லைக் கோர்க்கிறது. பல்லுக்குப் பல் நேராக வரும்வரை விளக்கு மின்னும். வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்துங்கள், பிறகு ஹாண்டிலை இடமும் வலமும் கொஞ்சம் ஆட்டியபடி சில அடி மெல்ல ஓடுங்கள். விளக்கு நிலைத்துவிடும். சில்லுச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, புதைந்த பிறகு பதறிப்போய் அழுத்துவதுதான் கூடாது. சேறோ ஸ்னோவோ தெரிந்தால் இறங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

லொக் போட்டால் முன்னிரு சில்லும் ஒரே வேகத்தில் சுற்றும். திரும்பும்போது வெளிச்சில்லுக்குக் கூடத் தூரம், உள்சில்லுக்குக் குறைந்த தூரம். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் வண்டி நேரேதான் போகப் பார்க்கும். புதைந்த இடத்தில் இருந்து வெளியே வர மட்டும் லொக். இறுகிய கிறவலிலும் தாரிலும் ஓடினால் பல்லும் அக்சிலும் வீணாகத் தேயும்.

இனி மணம். முதல் இரண்டு மூன்று மணி ஓட்டத்தில் சைலன்சர் குழாயில் இருக்கும் பெயின்றும் எண்ணெயும் எரிந்து ஒரு மணம் வரும், தானாக நின்றுவிடும். ரப்பர் கருகிய மணம் வேறு. அது பெல்ற். உங்கள் வண்டியில் சங்கிலியும் கியர்பெட்டிக் கிளச்சும் செய்யும் வேலையின் பெரும்பகுதியை ஒரு ரப்பர் பெல்ற் செய்கிறது. பாரம் இழுக்கும்போதும் ஸ்னோ தள்ளும்போதும் ஹையில் (வேகமான கியர்) ஓடினால் பெல்ற் இறுகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சீக்கிரம் தேயும். பிறகு ஒவ்வொரு முறை புறப்படும்போதும் வண்டி உதறும். மணிக்கு 10, 12 கிலோமீற்றருக்குக் கீழே எந்த வேலை செய்தாலும் லோ (மெதுவான, பலமான கியர்) போடுங்கள். ஹையில் இருந்து லோவுக்கு மாற்ற முன்பு முழுதாக நிற்கவேண்டும், பிறேக்கையும் மிதிக்கவேண்டும். ஆழமான தண்ணீரில் இறங்கிய பிறகு எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் பெல்ற் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. அந்தப் பெட்டியின் அடியில் வடிக்கும் பிளக் இருக்கிறது, கழற்றி வடித்துவிடுங்கள்.

முதல் 10 மணிநேர ஓட்டத்தில் பாதித் திறொட்டிலுக்கு மேல் தொடர்ந்து ஓடாதீர்கள். ஒவ்வொரு மணிக்கும் ஐந்து பத்து நிமிடம் ஆறவிடுங்கள். அடுத்த 10 மணிக்கு முக்கால் திறொட்டில் எல்லை. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடாமல் ஏற்றி இறக்கி ஓடுவது நல்லது. இருபது மணியில், அல்லது 320 கிலோமீற்றரில், முதல் ஒயில் மாற்றம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்: புது எஞ்சினில் தேயும் இரும்புத்தூள் முழுக்க அந்த முதல் ஒயிலில்தான் மிதக்கும். அதே நாளில் முன் டிபெரன்சல் ஒயிலையும் பின் ஒயிலையும் மாற்றிவிடுங்கள். ஒரு கவனம். டிபெரன்சலில் ஊற்றுகிற மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள், அது வந்த பிறகுதான் வடிக்கிற கீழ்ப் பிளக்கில் கை வைக்க வேண்டும். மேல் பிளக் இறுகி வராவிட்டால், வடித்த வண்டியை நிரப்ப வழியில்லாமல் நிற்பீர்கள்.

ஒயிலைப் பொறுத்தவரை, கார் ஒயிலில் எனேர்ஜி கொன்சேவிங் அல்லது ரிசோர்ஸ் கொன்சேவிங் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். உங்கள் வண்டியின் கிளச் அதே ஒயிலில்தான் ஊறிக் கிடக்கிறது. வழுக்குவதற்கென்று மருந்து சேர்த்த ஒயில் கிளச்சையும் வழுக்க வைக்கும். கலனின் பின்பக்கத்தில் ஜேசோ எம்.ஏ. (ஒயிலில் ஊறும் கிளச்சுக்கு ஏற்ற ஒயில் என்ற குறி) என்று இருக்கவேண்டும். எந்தத் தடிப்பு என்பது கைநூலில் வெப்பநிலை அட்டவணையாக இருக்கிறது, ஒன்ராறியோக் குளிருக்கு மெல்லிய பக்கத்தைப் பாருங்கள்.

கடையில் பெட்டி பிரித்துப் பூட்டிய வண்டி என்பதால், முதல் வாரத்திலேயே பற்றறி முனை இரண்டையும், வின்ச் வயர் முனைகளையும், சில்லு நட்டுகளையும் நீங்களே ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது வண்டி ஸ்ராட் ஆகவில்லை என்று இழுத்துக்கொண்டு போகிறவர்களில் பலருக்குத் தளர்ந்த பற்றறி முனைதான் காரணம்.

ரயர்க் காற்றை காஸ் ஸ்ரேசனில் அடிக்க வேண்டாம். இந்த வகை ரயருக்குப் பொதுவாக 4 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும், உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் சரியான இலக்கம் உண்டு. காரின் காற்றுமானியில் 5ஐ வாசிக்க முடியாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே விற்கும் மானி ஒன்று வாங்குங்கள். குளிர் இறங்கினால் காற்றும் இறங்கும், டிசம்பரில் திரும்ப அளக்கவேண்டும்.

ஸ்னோ பிளேடைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் முதல் வின்ரரில் பணம் போவது அதில்தான். பிளேடைத் தூக்க வின்ச் கயிறு ஓரடி அளவுதான் சுற்றும், ஆனால் ஒரு காலையில் நூறு தரம் சுற்றும். இரும்புக் கயிறு என்றால் அந்த ஒரே ஓரடி மடிந்து மடிந்து இழை இழையாக அறும். கையில் கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பிளேடுக்கென்று விற்கும் சின்னப் பட்டியையோ சின்தெற்றிக் கயிற்றையோ போடுங்கள். அதைவிடப் பெரிய தவறு, பிளேடு முழுதாக மேலே வந்த பிறகும் பொத்தானில் விரலை வைத்திருப்பது. பிளேடு மேலே முட்டி நிற்கும், வின்ச் நிற்காது. கயிறு அறும், அல்லது வின்ச் பூட்டிய தகடு வளையும். ஓரங்குலம் இருக்கும்போதே விரலை எடுத்துவிடுங்கள். இறக்கும்போதும் அப்படித்தான். பிளேடு நிலத்தில் பட்ட பிறகும் கயிற்றை விட்டுக்கொண்டே போனால் உருளையில் கயிறு முடிந்து மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கும். அதன்பிறகு ஏற்றுகிற பொத்தான் இறக்கும், இறக்குகிற பொத்தான் ஏற்றும். பலர் வின்ச் பழுது என்று நினைப்பது இதைத்தான்.

கிறவல் பாதையில் பிளேடின் அடியில் நிலத்தில் சறுக்கிப் போகும் இரும்புக் காலணிகளைக் கீழே இறக்கிப் பூட்டி, பிளேடு நிலத்தில் இருந்து அரை முதல் ஓரங்குலம் உயர்ந்து நிற்கும்படி வையுங்கள். நிலம் உறையும் முன் விழுகிற முதல் ஸ்னோவைத் தள்ளாதீர்கள், வண்டியால் மிதித்து இறுக்கிவிடுங்கள். உறையாத நிலத்தில் தள்ளினால் வசந்தத்தில் புல்லுக்குள் இருந்து கல் பொறுக்க வேண்டியிருக்கும். நிலம் உறைந்த பிறகு விழுவதைப் பாதையின் ஓரத்தில் இருந்து நாலைந்து அடி தள்ளியே கொண்டுபோய் விடுங்கள். ஓரத்தில் குவித்தால் அது பாறையாக உறைந்து, பெப்ரவரியில் பாதை கார் போகும் அகலம்கூட இல்லாமல் ஒடுங்கும். வீதிக்குக் குறுக்கே தள்ளி எதிர்ப்பக்கத்தில் குவிக்கக் கூடாது, ஒன்ராறியோ வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் அது குற்றம்.

ஒவ்வொரு தூக்கலுக்கும் வின்ச் பற்றறியை உறிஞ்சுகிறது. மெதுவாகத் தள்ளும் வேகத்தில் எஞ்சின் அதைத் திருப்பி நிரப்பாது. கராஜில் ஒரு பற்றறி ரெண்டர் (பற்றறியை மெதுவாக நிரப்பி நிறைவாக வைத்திருக்கும் சாஜர்) வாங்கி, வேலை முடிந்ததும் செருகிவிடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ற் இருந்தால் நிறைவு, 12.2க்கு வந்துவிட்டால் பாதிதான்.

ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும்: வண்டி சரிகிறது என்று காலை நிலத்தில் ஊன்றாதீர்கள். ஏ.ரி.வி.யில் ஊன்றிய காலின் மேல் பின்சில்லு ஏறும், கணுக்கால் முறியும். இரண்டு காலும் எப்போதும் மிதிமேடையில். சரிவில் குறுக்காக ஓட நேர்ந்தால் உடம்பை மேட்டுப் பக்கம் சாயுங்கள், முடிந்தால் நேரே ஏறி நேரே இறங்குங்கள். சுமார் 300 கிலோ வண்டி புரண்டால் கையால் தாங்க முடியாது. உங்களுடையது ஒற்றை ஆள் வண்டி. பிள்ளையைப் பின்னால் ஏற்றினால் நீங்கள் சாய இடமில்லை, பிள்ளைக்குப் பிடிக்க இடமில்லை. தயவு செய்து ஏற்றாதீர்கள், முற்றத்தில்கூட.

சட்டம் சுருக்கமாக: சேர்விஸ் ஒன்ராறியோவில் பதிந்து, தகட்டை வண்டியின் முன்பக்கம் பூட்ட வேண்டும். சொந்தக் காணியை விட்டு வெளியே போனால் காப்புறுதியும் ஹெல்மெற்றும் கட்டாயம். வீட்டுக் காப்புறுதி இதையும் மூடும் என்று நம்பிவிடாமல் கேட்டு உறுதிசெய்யுங்கள். வீதியில் ஓட ஜீ2 (கார்) அல்லது எம்2 (மோட்டார் சைக்கிள்) உரிமமாவது வேண்டும். வேக எல்லை 50 வரையான வீதியில் நீங்கள் மணிக்கு 20, அதற்கு மேற்பட்ட வீதியில் 50 கிலோமீற்றர்தான் ஓடலாம். எந்தெந்த வீதி என்பது மாநகரசபைக்கு மாநகரசபை மாறும், உங்கள் சபையைக் கேளுங்கள்.

கடைசியாகக் குளிர். பத்து நிமிடம் ஓடி நிறுத்தி, பத்து நிமிடம் ஓடி நிறுத்தினால் எஞ்சினுக்குள் ஈரம் ஆவியாகாமல் ஒயிலில் சேரும், பெற்றோலும் கலக்கும். ஒயில்கோலில் மட்டம் ஏறியிருந்தால், அல்லது பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் இதுதான். பாதையைத் தள்ளி முடித்த பிறகும் நல்ல சூடேறும்வரை இருபது முப்பது நிமிடம் காணியைச் சுற்றி ஓடுங்கள், நிறம் மாறிவிட்டால் ஒயிலையே மாற்றுங்கள். ஈரத்தோடு வெளியே நிற்கும் வண்டிக்குக் கைப்பிறேக் போடாமல் பார்க் கியரில் விடுங்கள். பிறேக் கட்டை தட்டோடு உறைந்துவிட்டால் எஞ்சினை முறுக்கி இழுக்காமல், முடி உலர்த்தியைப் பிடித்துக் கொஞ்சம் பொறுங்கள். இளகிவிடும்.