முதல் கூலி வாங்கிய ஆட்டக்காரர்

கேள்வி: எங்கள் வியாசர்பாடிப் பக்கத்துக் கால்பந்துப் போட்டிகளில், ஓர் ஆட்டத்துக்கு மட்டும் பணம் கொடுத்து வெளியாளை இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் இவ்வாறு முதலில் பணம் பெற்றவர் யார்? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: வில்லியம் ஹெஃபெல்ஃபிங்கர், 'பட்ஜ்' என்பது அவருடைய செல்லப்பெயர். நீங்கள் ஆடும் கால்பந்து வேறு. இது பந்தைக் கையில் ஏந்தி, மோதித் தள்ளிக்கொண்டு ஓடும் ஆட்டம். யேல் பல்கலைக்கழக அணியில் எதிராளிகளைத் தடுத்து வழி திறக்கும் 'கார்டு' இடத்தில் ஆடிப் பெரும்புகழ் பெற்றிருந்த அவரை, 1892 நவம்பர் 12 அன்று பிட்ஸ்பர்க் கழகத்துக்கு எதிராக ஆடுவதற்காக, அலெகெனி தடகளக் கழகம் 500 டாலரும் வழிச்செலவுக்கு 25 டாலரும் கொடுத்து அழைத்துக்கொண்டது. எதிரணியினரிடமிருந்து நழுவிய பந்தைக் கைப்பற்றி ஓடி அவர் எடுத்த ஒரே டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதற்கு) அக்கால விதிப்படி 4 புள்ளிகள். ஆட்டமும் 4-0 என்றே முடிந்தது. கொடுத்த பணம் வீண்போகவில்லை என்றே சொல்ல வேண்டும்!

பணம் வாங்கி ஆடுவது இழுக்கு என்று கருதப்பட்ட காலமாதலால் விஷயம் மூடிமறைக்கப்பட்டது. 1954-இல் அவர் மறைந்த பிறகே, கழகத்தின் கணக்கேடு வழியாக அது உறுதியாயிற்று. பின்னாளில் அவர் கலிபோர்னியா, மினசோட்டா பல்கலைக்கழக அணிகளுக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார்.