பத்து பவுண்டுக்குள் நல்ல ரெட் வைன்: எதை எடுப்பது, எதை விடுவது

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “சூப்பர்மார்க்கெட்டில் ரெட் வைன் அலமாரி முன்னால் நின்றால் எதை எடுப்பதென்றே தெரிவதில்லை. 6 பவுண்டுக்குப் பழகிய பிராண்டையோ ‘பாதி விலை’ என்று ஒட்டியதையோ எடுத்து வருகிறோம். ஒன்று தித்திக்கிறது, இல்லையென்றால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. வார இறுதியில் ஆட்டுக்கறி, கோழிக்கறியோடு குடிக்க, மிஞ்சிப்போனால் 10, 11 பவுண்டுக்குள் எதை வாங்கலாம்?”

முதலில் நேர் பதில். ஸ்பெயினின் கார்னாச்சா, பிரான்ஸின் கோட் து ரோன் வில்லாஜ், போர்ச்சுகலின் டூரோ அல்லது லிஸ்போவா ரெட். இந்த மூன்றில் ஒன்றை, கடையின் சொந்த லேபிளில், 8 முதல் 11 பவுண்டுக்குள் எடுங்கள். 6 பவுண்டு பாட்டிலை விட்டுவிடுங்கள். ஏன் என்பதற்கு வரிக் கணக்கைப் பார்த்தால் போதும்.

பிரிட்டனில் வைன் மீதான தீர்வை விலையைப் பார்த்து வருவதில்லை, பாட்டிலுக்குள் இருக்கும் ஆல்கஹாலின் அளவைப் பார்த்து வருகிறது. 2025 பிப்ரவரியில் வந்த விகிதப்படி 12.5 சதவீத ஆல்கஹால் உள்ள வைன் ஒரு பாட்டிலுக்குச் சுமார் 2.77 பவுண்டு, 14.5 சதவீதத்துக்கு 3.21 பவுண்டு தீர்வை இருந்தது. இதன் மேல் 20 சதவீத வாட். ஆக அந்த விகிதத்தில் 6 பவுண்டு பாட்டிலில் 1 பவுண்டு வாட் (5 பவுண்டின் 20 சதவீதம்), 2.77 தீர்வை போக மிஞ்சுவது 2.23. கண்ணாடி, மூடி, லேபிள், கப்பல் செலவு, கடையின் லாபம், கடைசியாகத் திராட்சை, எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். அதே வைன் 9 பவுண்டு என்றால் மிஞ்சுவது 4.73. நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது பாதி விலைதான். உள்ளே போன பணமோ இரண்டு மடங்குக்கு மேல். தீர்வை ஏறஏற மலிவான பாட்டிலுக்குள் இருக்கும் வைன்தான் இன்னும் சுருங்கும். 12 பவுண்டைத் தாண்டிய பிறகு இந்த லாபம் மெல்லக் குறைகிறது, ஊரின் பெயருக்கும் பணம் கொடுக்கத் தொடங்குகிறோம்.

ஊர்ப்பெயர் விஷயம் பெரிது. 10 பவுண்டு விலையில் புகழ்பெற்ற பெயரின் அடிமட்ட வைன் கிடைக்கும், புகழில்லாத பெயரின் நல்ல வைனும் கிடைக்கும். இரண்டாவதுதான் எப்போதும் நல்ல பேரம். பிரான்ஸின் மலிவான ஷாத்தோநெஃப்-து-பாப், இத்தாலியின் மலிவான பரோலோ, மலிவான அமரோனே, இவற்றைத் தொடாதீர்கள். அந்தப் பெயர்களில் மிஞ்சியதுதான் அந்த விலைக்கு வரும்.

ஸ்பெயினின் அரகோன் பகுதியில் கலத்தாயுத், காம்போ தெ போர்ஹா என்று இரண்டு இடங்கள். வறண்ட, உயரமான நிலம், வயதான கார்னாச்சா கொடிகள் இன்னும் நிறைய நிற்கின்றன. பழமணம் நிறைந்த, துவர்ப்பு குறைந்த, மென்மையான ரெட். இத்தனை வயதான கொடியின் பழம் வேறு நாட்டிலிருந்து இந்த விலைக்கு வருவது அரிது. பிரான்ஸில் இதே திராட்சைக்குக் கிரனாஷ் என்று பெயர். கோட் து ரோனின் அடித்தளம் அதுதான். லேபிளில் வெறும் ‘கோட் து ரோன்’ என்று இருப்பதைவிட ‘வில்லாஜ்’ சேர்ந்திருப்பதை எடுங்கள். அதற்கு ஏக்கருக்கு எடுக்கலாம் என்று அனுமதிக்கும் விளைச்சல் குறைவு, விதியும் கடுமை. விலை வித்தியாசமோ பெரும்பாலும் ஒன்றிரண்டு பவுண்டுதான். தெற்கே லாங்டாக்கில் கோர்பியேர், மினெர்வுவா, ஃபிட்டூ ஆகியவையும் இதே வகை நல்ல பேரங்கள்.

ஸ்பெயினின் ரியோஹா புகழ்பெற்ற பெயர்தான், ஆனாலும் அதை விலக்க மாட்டேன். காரணம் அங்கே லேபிள் சொல்லுக்குச் சட்டம் இருக்கிறது. கிரியான்சா என்றால் குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்தது, அதில் 1 ஆண்டு ஓக் பீப்பாயில். ரிசர்வா என்றால் 3 ஆண்டு, அதில் குறைந்தது 1 ஆண்டு பீப்பாயில். முதிர வைக்கும் செலவை அவர்களே ஏற்று, குடிக்கத் தயாரான வைனை விற்கிறார்கள். சிலி நாட்டு பாட்டிலில் ‘ரிசர்வா’ என்று இருந்தால் அதற்கு இந்த அர்த்தம் இல்லை. ‘வியெய் வின்ய்’, ‘ஓல்ட் வைன்ஸ்’ (Old Vines, வயதான கொடிகள்) என்று கொடியின் வயதைச் சொல்லும் வார்த்தைகளுக்கும் பெரும்பாலான இடங்களில் சட்ட வரையறை கிடையாது. கனத்த கண்ணாடி பாட்டிலும் அப்படித்தான்; அந்தக் கனத்துக்கு நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள்.

இத்தாலியில் மோன்டெபுல்சியானோ த’அப்ரூட்ஸோ நல்ல மலிவு ரெட். வீனோ நோபிலே தி மோன்டெபுல்சியானோ என்பது வேறு: டஸ்கனி ஊர் வைன், சாஞ்சோவேசே திராட்சை, விலையும் அதிகம். பினோ நுவார் திராட்சை வைன் வேண்டுமென்றால் பிரான்ஸின் பர்கண்டியை மறந்துவிட்டு ருமேனியாவைத் தேடுங்கள். சூப்பர்மார்க்கெட்டுகளின் மலிவு பினோ பலவும் அங்கிருந்துதான் வருகிறது. அர்ஜென்டினாவின் மென்டோசா மால்பெக், சிலி கார்மெனேர் இரண்டும் ஏமாற்றாத தேர்வுகள், ஆனால் 8 பவுண்டுக்குக் கீழே போகாதீர்கள்.

கடையின் சொந்த லேபிள் என்றால் மட்டம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உண்மை நேர்மாறு. டெஸ்கோ ஃபைனஸ்ட், செயின்ஸ்பரியின் டேஸ்ட் த டிஃபரன்ஸ், கோ-ஆப்பின் இர்ரெசிஸ்டிபிள் போன்ற வரிசைகளில் விளம்பரச் செலவு பாட்டில் மேல் ஏறுவதில்லை. பின் லேபிளின் சின்ன எழுத்தைப் படியுங்கள். தயாரிப்பாளரின் பெயரும் ஊரும் தெளிவாக இருந்தால் நம்பி எடுக்கலாம். கடைக்குப் போகாமல் வாங்க விரும்பினால் 1874 முதல் இயங்கும் த வைன் சொசைட்டி உண்டு. உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கூட்டுறவு. ஒருமுறை பங்கு வாங்கினால் வாழ்நாள் முழுவதும் உறுப்பினர். அவர்களுடைய சொந்த லேபிள் ரெட் வரிசை இந்த விலைக்கு மிக நேர்மையானது.

‘பாதி விலை’ பாட்டிலில் ஒரு சோதனை செய்யுங்கள். அந்தப் பெயர் வேறு கடையில் என்ன விலை என்று கைபேசியில் தேடுங்கள். வேறெங்கும் விற்காத பெயர் என்றால் ‘முழு விலை’ என்பதை ஒப்பிட வழியே இல்லை. தள்ளுபடிக்காகவே பிறந்த பாட்டிலாக இருக்கலாம். உண்மையான தள்ளுபடி என்றால் ஆறு பாட்டிலுக்கு 25 சதவீதம் குறைக்கும் சலுகைதான். டெஸ்கோ, செயின்ஸ்பரி, வெயிட்ரோஸ் ஆண்டில் சில முறை இதை வைக்கின்றன, வெவ்வேறு பாட்டில்களைக் கலந்தும் எடுக்கலாம். 12 பவுண்டு வைன் 9 பவுண்டுக்கு வரும் நாள் அது. ஸ்காட்லாந்தில் உள்ள உறவினர்கள் இதை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே 2011 முதல் இத்தகைய மொத்தத் தள்ளுபடிக்குத் தடை.

பதக்க ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எந்தப் போட்டி என்று பாருங்கள். டிகேன்டர் என்ற வைன் பத்திரிகை நடத்தும் போட்டியில் வெண்கலம் 86 முதல் 89 மதிப்பெண், வெள்ளி 90 முதல் 94. வெள்ளி என்றால் இந்த விலைக்கு நல்ல அறிகுறி. அறுவடை ஆண்டையும் பாருங்கள்: ரியோஹா ரிசர்வா போன்றவை தவிர, 10 பவுண்டுக்குக் கீழான ரெட் எதுவும் பல ஆண்டு காத்திருக்கச் செய்ததல்ல. மூன்று நான்கு ஆண்டுக்குள் இருப்பதே நல்லது. திருகு மூடி தரக்குறைவின் அடையாளம் அல்ல.

இனி உங்கள் கேள்வியின் இன்னொரு பாதி, அந்தத் தித்திப்பும் துவர்ப்பும். தித்திப்புக்குக் காரணம் மிச்சச் சர்க்கரை, அதாவது ஆல்கஹாலாக மாறாமல் மிஞ்சிய திராட்சைச் சர்க்கரை. பெரிய விளம்பரத்தோடு வரும் பல ‘ரெட் பிளெண்ட்’ பிராண்டுகளில் வேண்டுமென்றே சர்க்கரையை விட்டுவைக்கிறார்கள். ‘ஸ்மூத்’, ‘ஜாமி’, ‘ரிச்’ என்ற சொற்கள் சேர்ந்து வந்தால் அதைச் சந்தேகியுங்கள். ‘அப்பாசிமென்டோ’ என்றால் உலர்த்திய திராட்சை, அதிலும் இனிப்பு தெரியும். துவர்ப்பு திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. கடுந்தேநீர் நாக்கைப் பிடிப்பது போன்றதே அதுவும். இளசான காபர்னே சோவின்யோன் திராட்சை வைனில் அது அதிகம்.

நம் சமையலுக்கு இது முக்கியம். மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் துவர்ப்பு கூடுதலாகத் தெரியும், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். 14.5 சதவீத காபர்னேயோடு காரமான ஆட்டுக்கறி சாப்பிட்டால் இரண்டுமே கெட்டுப்போகும். 13.5க்கு உட்பட்ட, துவர்ப்பு மென்மையான வைன் வேண்டும். கோழிக்கறிக்கு பிரான்ஸின் போஜோலே-வில்லாஜ் அல்லது ருமேனிய பினோ. புளியோ தக்காளியோ தூக்கலான கறிக்குப் புளிப்பு நிறைந்த இத்தாலிய பார்பெரா தாஸ்தி. புளிப்பில்லாத வைன் அதன் பக்கத்தில் சப்பென்று நிற்கும். மிளகு வறுவலுக்கு சிரா திராட்சை வைன். 2008இல் ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிராவின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்று கண்டறிந்தனர். நம் கருமிளகிலும் அதே பொருள்தான் இருக்கிறது. குளிர்ந்த இடத்துச் சிராவில் அது அதிகம், ஆகவே வடக்கு ரோனின் ‘கொலின் ரோடானியென்’ என்ற பெயரைக் கண்டால் ஒரு பவுண்டு கூடக் கொடுத்தாவது எடுங்கள். மீன் குழம்போடு ரெட் வேண்டாம், வாயில் இரும்புச் சுவை நிற்கும்.

வீட்டில் சைவம் கடைப்பிடிப்பவர்கள் பின் லேபிளில் ‘வீகன்’ குறியைத் தேடுங்கள். வைனைத் தெளியவைக்க முட்டை வெண்கரு, ஜெலட்டின், மீன் பசை முதலியவற்றைப் பயன்படுத்துவது உண்டு.

வெப்பநிலை தவறினால் நல்ல வைனும் மோசமாகத் தெரியும். ஹீட்டர் ஓடும் வீட்டின் 22 டிகிரி ரெட் வைனுக்கு அதிகம். ஆல்கஹால் நெடி முன்னால் வரும். பொதுவான ரெட்டுக்கு 16 முதல் 18 டிகிரி, போஜோலே, பினோவுக்கு 13, 14. பரிமாறும் முன் ஃப்ரிட்ஜில் 20 முதல் 30 நிமிடம் வைத்தாலே போதும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது கார்க் வழியே வந்த கெடுதல், காற்றாடவிட்டாலும் போகாது. மிச்ச வைனோடும் ரசீதோடும் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலான சூப்பர்மார்க்கெட்டுகள் கேள்வி கேட்காமல் மாற்றித் தரும். தீக்குச்சி வாடை என்றால் கவலை வேண்டாம், கிளாஸில் நன்றாகச் சுழற்றினால் போய்விடும். மிஞ்சியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடியுங்கள். நாளுக்கு ஒரே ஒரு கிளாஸ் குடிப்பவர் என்றால் 2.25 லிட்டர் பெட்டி வைன் வாங்குவது நல்லது. மூன்று பாட்டில் அளவு, திறந்த பின் ஆறு வாரம் வரை தாங்கும்.