கதவு உரசுவதை எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. அவர் தோஹாவில் ஏசி மெக்கானிக். தை மாதம் லீவில் வந்ததும் கல்யாணம். தினமும் வீடியோ காலில் பேசுகிறோம், ஆனால் 'சாப்பிட்டாச்சா' என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது. அதனால் காகிதத்தில் கடிதம் எழுத ஆசை. எழுதியதை இணைத்திருக்கிறேன். நடை சரியா? இந்தக் காலத்தில் இது பைத்தியக்காரத்தனமா? சங்கப்பாட்டு வரி ஏதாவது சேர்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆசைப்படுகிறீர்கள், எழுதுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நடையிலும் குறையில்லை. ஆனால் இணைப்பைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நிலா வருகிறது, அலை வருகிறது, பக்கத்துக்குப் பக்கம் நீங்கள் உருகுகிறீர்கள். உங்கள் ஊர் எது, வீட்டில் யார் யார், அங்கே மழை பெய்ததா, ஒன்றுமே தெரியவில்லை. பெயரை மட்டும் மாற்றி இதை யாரும் யாருக்கும் அனுப்பலாம். 45 டிகிரி வெயிலில் மொட்டை மாடியில் நின்று வேலை பார்த்துவிட்டு அறைக்கு வருகிறவருக்கு இதையா கொடுப்பீர்கள்?

ராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் ஊர். 1980களில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் யாராவது வளைகுடாவுக்குப் போயிருந்தார்கள். எழுதத் தெரியாத பெண்களுக்கு, பள்ளிக்கூடம் போகிற நான்தான் கடிதம் எழுதித் தருவேன். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் குவைத்தில் கட்டட வேலை. அவருக்கும் படிக்க வராது. அக்கா சொல்ல நான் எழுதுவேன், அங்கே கேம்ப்பில் யாராவது உரக்கப் படித்துக் காட்டுவார்கள். அறையில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும். புருஷனுக்குச் சொல்ல வேண்டியதை ஒரு சின்னப் பையனிடம் எப்படிச் சொல்வாள்?

நீல ஏரோகிராமில் 'நலம், நலமறிய ஆவல்' என்று நான் எழுதி முடிக்கும்வரை பேசாமல் இருப்பாள். அப்புறம் ஆரம்பிப்பாள்.

"கெணத்தடி முருங்கை காத்துல சாஞ்சிருச்சு. ஒரு போத்து வெட்டிக் கொல்லையில நட்டேன், துளுத்திருச்சுன்னு எழுது தம்பி. ஒங்க சைக்கிள கொழுந்தன் கேட்டாரு, குடுக்கல. வாசக்கதவு கீழ ஒரசுது, தூக்கித்தான் தெறக்கணும். ராத்திரில வந்தா தெரியாம இழுத்துறாதீக."

கதவு உரசுவதை எதற்குக் குவைத்துக்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். "எழுதுடா" என்றாள்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் அவர்களுக்கு லீவு. அதற்குள் மரம் சாயும், கதவு இறங்கும், குழந்தைக்குப் பேச்சு வந்துவிடும். இதையெல்லாம் தெரியாமல் வருகிறவர் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக உட்கார்ந்திருப்பார். அப்படிக் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தவர்களை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். அக்கா தன் புருஷனை அப்படி ஆகவிடவில்லை. அவர் குவைத்தில் இருந்தபோதும் கொல்லையில் நட்ட முருங்கை துளிர்த்தது அவருக்குத் தெரியும்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தது. கடிதம் நின்றுபோனது. பாலைவனம் தாண்டி ஜோர்டானுக்குப் போய், அம்மானிலிருந்து விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். அவரும் அப்படித்தான் ஒற்றைப் பையோடு வந்தார். மறுநாள் காலையில் பார்த்தால், எங்கிருந்தோ இழைப்புளி இரவல் வாங்கி வந்து வாசல்கதவைக் கழற்றி வைத்து இழைத்துக்கொண்டிருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வீடியோ காலில் பேச்சு தீர்ந்துவிடுகிறது என்கிறீர்கள். எப்படித் தீரும்? அவர் வரப்போகிற வீட்டில் தினமும் ஏதாவது நடக்கிறது. அதைச் சொல்வதற்கில்லை என்று நீங்களே ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு நிலாவைக் கூப்பிடுகிறீர்கள். சங்கப்பாட்டு கேட்டீர்கள். முல்லைப்பாட்டில், போருக்குப் போன கணவனுக்குக் காத்திருக்கிற பெண்ணுக்காக முதிய பெண்கள் நற்சொல் கேட்கப் போகிறார்கள், அதாவது தற்செயலாகக் காதில் விழுகிற பேச்சைச் சகுனமாக எடுத்துக்கொள்ள. அவர்கள் காதில் விழுவது, தவிக்கிற கன்றிடம் 'உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள்' என்று குளிரில் நடுங்கியபடி ஓர் ஆயர்பெண் சொல்கிற பேச்சு. அதைப் படியுங்கள், கடிதத்தில் ஒட்ட வேண்டாம். உங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியை எழுதுங்கள். கல்யாணத்துக்கு வெள்ளை அடிப்பதில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை நடந்தால் அதை எழுதுங்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால், எதைப் பற்றி என்று எழுதுங்கள்.

இன்னொன்று. கடிதம் அவர் அறை வாசலுக்கே வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். அவர் கம்பெனியின் போஸ்ட் பாக்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, உறைமேல் அவருடைய செல்பேசி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். தைக்கு முன்னால் அவர் கையில் இருக்க வேண்டுமென்றால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.