பொருளைச் சொல்லும் பெயரைப் பதிவு செய்ய முடியாதா?

"பெயரைப் படித்ததுமே என்ன பொருள் என்று தெரிய வேண்டும், அதுதானே நல்ல பிராண்ட்? அதற்கு ஏன் டிரேட்மார்க் தர மறுக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக லேபிளை அச்சுக்குக் கொடுக்கிற நேரம். கொஞ்சம் பொறுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையைக் காய்ச்சித் தைலம் இறக்குவது எங்கள் அப்பா காலத்துத் தொழில். 'நீலகிரி சுத்தத் தைலம்' என்று 4,500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம், பிரிவு 9(1)(பி) என்று ஆட்சேபம் வந்தது. ஊர், தரம், பொருள் மூன்றும் அந்தப் பெயரில் இருக்கிறது, யாருடைய தைலம் என்பது மட்டும் இல்லையாம். என் ஊர்ப் பெயர் எனக்கில்லையா என்று கொதித்துப் போனேன். கோயம்புத்தூர் வக்கீல் கேட்டார்: "அண்ணா, அந்த எண்ணெய்க்கே நீலகிரித் தைலம்னுதான் பேரு. அதை உங்களுக்கே கொடுத்துட்டா பக்கத்துக் கடைக்காரர் தன் பாட்டில்ல என்ன எழுதுவார்?" சிகரெட்டுக்கு 'சிம்லா' என்று கேட்ட பெரிய கம்பெனிக்கே கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்ததையும் சொன்னார்.

குறிப்பால் உணர்த்தும் பெயர் என்றால் சட்டம் இடம் கொடுக்கிறது. 'குட்நைட்' என்ற கொசுவிரட்டியின் பெயரில் கொசுவே இல்லை. நிம்மதியான தூக்கம், அப்புறம் கொசு என்று மனசு ஓர் எட்டு எடுத்துவைக்க வேண்டும். அந்த ஓர் எட்டுதான் வித்தியாசம். சளி பிடித்தால் அம்மா வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு, போர்வையை மூடி ஆவி பிடிப்பார். வெளியே வந்ததும் "ஜன்னலைத் திறந்தாப்ல இருக்கு" என்பார். 'ஜன்னல்' என்றே மறுபடி விண்ணப்பித்தேன், கிடைத்தது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பல வருஷம் விற்றுப் பேர் வாங்கிய விவரிக்கும் பெயருக்கும் பதிவு கிடைக்குமே என்று யாராவது வருவார்கள். கிடைக்கும், சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் விண்ணப்பத் தேதிக்கு முன்பே ஜனங்கள் அந்தப் பெயரை உங்களுடையது என்று அறிந்திருந்ததை பில், விளம்பரம் காட்டி நிரூபிக்க வேண்டும். கைச்சீட்டில் விற்றவன் எதைக் காட்டுவான்?

  

சரி, பெயர் தோன்றியதும் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் உங்கள் பொருள் சேரும் வகுப்பில் (பொருட்களை வகைவாரியாகப் பிரித்த பட்டியலில்) அதே மாதிரிப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்குக் காசு கிடையாது.