பழைய புடவையில் தைத்த பைக்குக் கைப்பிடி ஏன் நிற்பதில்லை?

கேள்வி: அம்மாவின் பீரோவை ஒழித்தபோது நூல் புடவைகள், ஒரு பழைய பட்டு, அப்பாவின் வேட்டிகள், பையனுக்குச் சின்னதாகிப்போன ஜீன்ஸ் என ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. தையல் மெஷின் இல்லை, கைத்தையல் வரும். நூல் புடவையில் ஒரு பை தைத்தேன். நாலு தேங்காய் வாங்கிப் போட்டதும் கைப்பிடி பிய்ந்துவிட்டது. எதில் என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் தையலில் குறை இருக்காது. பல வருஷம் துவைத்துக் கட்டிய நூல் புடவை மெத்தென்று இருக்கும், ஆனால் இழுவை தாங்காது. தையல் நின்றிருக்கும், அதை ஒட்டிய துணிதான் கிழிந்திருக்கும். என்ன செய்யலாம் என்று முதலில் முடிவுகட்டிவிட்டுத் துணியை வெட்டுவதால் வருகிற வினை இது. துணியில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ற வேலையைக் கொடுங்கள்.

அதற்கு ஒரு வழி உண்டு. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழை தேய்ந்த இடம் வலை மாதிரி தெரியும். அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் ஓர் அங்குலம் தள்ளி வைத்து, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வெடுக்கென்று இழுங்கள். ‘பர்’ரென்று சத்தம் வந்தால் அந்த இடம் பைக்கு ஆகாது. புடவையில் கொசுவத்தின் கீழ்ப்பகுதிதான் முதலில் போகும். இடுப்பில் செருகும் உள்முனை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சட்டையில் காலரும் முழங்கையும் நைந்தாலும் முதுகுத் துணி தேறும்.

நைந்த நூல் புடவைக்கு நான் சொல்வது பின்னல்தான். ஒற்றையாய் இழுத்தால் கிழிகிற துணி, மூன்று பிரியாகச் சேர்ந்தால் நன்றாக உழைக்கும். கத்தரி வேண்டாம். ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டு மட்டும் கொடுத்து நீளவாக்கில் கிழியுங்கள், பருத்தி நேராகவே கிழிந்து வரும். ஐந்தரை மீட்டர் புடவையில் ஒரே நீளமான பட்டைகள் கிடைக்கும். சடை பின்னுவதுபோல் பின்னி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே பக்கத்துப் பின்னலோடு சேர்த்துத் தையுங்கள். பின்னும்போது நீளம் நன்றாகவே உள்வாங்கும், அதனால் தாராளமாகக் கிழித்து வையுங்கள். மிதியடி என்றால் தரையில் அல்லது மேஜையில் பரப்பி வைத்துத்தான் தைக்க வேண்டும். மடியில் வைத்துத் தைத்தால் கை தன்னையறியாமல் இழுத்துவிடும், ஓரம் தூக்கிக் கிண்ணமாகிவிடும். குடத்துக்குப் பிரிமணை வேண்டுமானால் அதே தப்பை வேண்டுமென்றே செய்யுங்கள், அடி கச்சிதமாக உட்காரும்.

சூடான பாத்திரத்துக்கு அடியில் வைப்பதாக இருந்தால் சுத்தப் பருத்தி மட்டும். சந்தேகமானால் நாலு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் மென்மையான சாம்பலும் வந்தால் பருத்தி. முடி கருகிய நாற்றம் வந்தால் பட்டு. உருகிக் கடினமான உருண்டையானால் பாலியெஸ்டர், அதை அடுப்படிப் பக்கமே விடாதீர்கள்.

கடைத்தெருப் பைக்கு ஜீன்ஸை எடுங்கள். தொடைக்குக் கீழிருந்து முழங்கால்வரை குழாயாக வெட்டி, அடியைப் பின்தையலாக (ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுப்பது) இரண்டு வரிசை தைத்தால் பை முடிந்தது. பக்கத்தையல் ஏற்கெனவே கம்பெனி போட்டது. இடுப்புப் பட்டியை வெட்டிக் கைப்பிடியாக்குங்கள். முனையை மூன்று அங்குலம் உள்ளே இறக்கி, சுற்றிலும் கட்டம் கட்டித் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போடுங்கள். தேங்காய் என்ன, பூசணிக்காயே வாங்கலாம்.

வேட்டியை வெட்டவே வேண்டாம் என்பேன். கஞ்சியெல்லாம் போய் இளகிய வேட்டிபோல வடாம் பிழிய வேறு துணி கிடையாது. சோப்பு வாசனை போகக் கொதிநீரில் அலசி, ஈரத்தோடு மாடியில் விரித்துப் பிழியுங்கள். காய்ந்ததும் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் உடையாமல் உரிந்து வரும். ஒரு துண்டை மட்டும் பட்டுக்கு லைனிங்காக எடுத்து வையுங்கள்.

அந்தப் பட்டு விஷயத்தில் அவசரம் கூடாது. சரிகை இழை ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருந்தால் நல்ல வெள்ளிச் சரிகையாக இருக்க வாய்ப்பு உண்டு. தெரிந்த இடத்தில் உரைத்துப் பார்த்து, விலை கேட்டபின் கத்தரியை எடுங்கள். கூறைநாட்டுச் சேலை என்றால் பட்டும் பருத்தியும் கலந்து நெய்திருப்பார்கள். அதை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து நிழலில் உலர்த்துவது நல்லது. பட்டு பெரும்பாலும் மடிப்பில்தான் விட்டிருக்கும். மடிப்புகளுக்கு இடையில் கிடைக்கிற துண்டுகளே ஒரு சுருக்குப் பைக்குப் போதும்.

எட்டு அங்குல அகலம், பதினெட்டு அங்குல நீளம் எடுத்து, அதே அளவு வேட்டித் துணியை உள்ளே வைத்துச் சேர்த்து ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிப் போவது) போடுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி பாதியாக மடித்து, பக்கங்களை வாயிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுத் தையுங்கள். விட்ட வாய்ப்பகுதியை ஓர் அங்குலம் வெளிப்பக்கமாக மடித்துத் தைத்தால் நாடா நுழையும் வழி. பையைத் திருப்பிக்கொண்டு, ஒரு நாடாவை இடப்பக்கம் நுழைத்துச் சுற்றி இடப்பக்கமே எடுங்கள். இன்னொன்றை வலப்பக்கம் அதே மாதிரி. இரண்டையும் இழுத்தால் வாய் இறுகும். வெற்றிலை பாக்கோ, கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலமோ, இதில் வைத்துக் கொடுக்கலாம்.

மிஞ்சிய கரைத்துண்டுகளை நிறம் மங்கிய பிளாஸ்டிக் வளையல்மேல் பசை தடவிச் சரித்துச் சுற்றினால் பாவாடைக்குப் பொருத்தமான வளையல் ஆகிவிடும். பொடித் துணிகளைத் தலையணைக்குள் அடைக்கச் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது ஈரம் வாங்கி மக்கல் வாடை அடிக்கும். அடைக்கத்தான் வேண்டுமென்றால் உறையின் ஒரு பக்கத்துக்குப் பொத்தான் வையுங்கள், தை பிறந்ததும் கொட்டி வெயிலில் காயவைக்க வசதியாக இருக்கும்.