பரு மருந்து: தடவுவதற்கு முன் கேட்டவை

டாக்டர், கிளிண்டமைசின் ஜெல் ஆரம்பத்தில் நன்றாகக் கேட்டது. இப்போது தடவினாலும் ஒன்றுதான், தடவாவிட்டாலும் ஒன்றுதான். வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாறலாமா?

கூட எதுவும் போடாமல் அதை மட்டுமே தடவி வந்திருப்பீர்கள், சரியா? பருவில் பங்கு உள்ள க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா மயிர்க்கால் குழிக்குள், காற்று அதிகம் எட்டாத எண்ணெய்ப் பிசுக்கில் குடியிருக்கிறது. அந்த எண்ணெயை உடைத்துத்தான் பிழைக்கிறது. அப்படி உடையும்போது வரும் கொழுப்பு அமிலங்களும், அந்தப் பாக்டீரியாவுக்கு நம் உடல் காட்டும் எதிர்ப்பும் சேர்ந்துதான் பரு சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது. கிளிண்டமைசின் அதன் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரதம் தயாரிக்க விடாமல் தடுக்கும். ஆனால் அந்த ஒட்டும் இடம் கொஞ்சம் மாறிப்போன பாக்டீரியாக்களிடம் இந்த வேலை பலிக்காது. மற்றவை ஒடுங்க ஒடுங்க இவை பெருகும். எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் ஒட்டுகிறது என்பதால் அதற்கு மாறியும் பெரிதாக லாபமில்லை.

ஜெல்லோடு பென்சாயில் பெராக்சைடு என்ற, ஆன்டிபயாடிக் அல்லாத பூச்சு மருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது குழிக்குள் இறங்கி உடையும்போது வெளிப்படும் வீரியமான துணுக்குகள் பாக்டீரியாவின் புரதங்களைக் கண்ட இடத்திலெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்து கெடுக்கின்றன, எந்த ஒரு இடத்தை மாற்றிக்கொண்டு அது தப்பிக்கும்? இத்தனை காலப் புழக்கத்திலும் இதற்கு எதிர்ப்பு வந்து தொல்லை கொடுத்ததில்லை. பரு அடங்கியதும், பொதுவாக 3 மாதத்துக்குள், ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டுப் பெராக்சைடைத் தொடரலாம். என்னைக் கேட்டால், ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக எழுதிக் கொடுப்பதையே விட்டுவிட வேண்டும்.

பெராக்சைடில் 2.5, 5, 10 சதவீதம் இருக்கிறதே, 10 வாங்கினால் சீக்கிரம் போகுமா?

எரிச்சல்தான் சீக்கிரம் வரும். சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5-க்கும் 10-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை, தோல் காய்ந்து உரிவதில்தான் இருக்கிறது. மெல்லிசாகப் பூசினால் போதும், ரொம்ப எரிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இன்னொன்று, இது சாயத்தை வெளுக்கும். கறுப்புத் துண்டில் முகம் துடைத்தால் ஆரஞ்சு நிறத்தில் திட்டுத்திட்டாக நிற்கும், கறை என்று நினைத்து எவ்வளவு துவைத்தாலும் போகாது. தலையணைக்கு வெள்ளை உறை போட்டுவிடுங்கள்.

பரு இருக்கும் இடத்தில் மட்டும் வைத்தால் போதாதா?

போதாது. இன்று தெரியும் பரு கண்ணுக்குத் தெரியாத அடைப்பாகத் தொடங்கி நாளாகிவிட்டது, அடுத்தது பக்கத்திலேயே உருவாகிக்கொண்டிருக்கும். பரு வரும் பகுதி முழுக்கத் தடவுங்கள். பலனை 8 முதல் 12 வாரம் கழித்துப் பாருங்கள், நாலே நாளில் கண்ணாடி முன்னால் நின்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

அடாபலினும் பெராக்சைடும் சேர்த்துப் போடலாமா?

தாராளமாக. ஆன்டிபயாடிக் மயிர்க்கால் குழியின் அடைப்பை எடுக்காது, ரெட்டினாய்டு என்னும் வைட்டமின் A வகை மருந்தான அடாபலின் எடுக்கும். பெராக்சைடோடு சேர்ந்தாலும் அது கெடாது, இரண்டும் ஒரே ட்யூபில்கூட வருகிறது. அதே வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் என்றால் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போடுவது நல்லது, பழைய ஜெல் வகைகளைப் பெராக்சைடு சிதைத்துவிடும். கர்ப்பமாக இருப்பவர்கள் இரண்டு ரெட்டினாய்டையும் தவிர்த்து அசெலாயிக் அமிலம் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

நெற்றியில் பொடிப்பொடியாக, எல்லாம் ஒரே அளவில், ஒரே அரிப்பு. ஜெல் போடப் போட அதிகமாகிறது.

அது பரு இல்லாமலே இருக்கலாம். மலசீசியா என்ற ஈஸ்ட் மயிர்க்காலில் பெருகினால் இப்படித்தான் வரும். பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் அடக்கிவிட்டால் அதற்கு இன்னும் வசதி. கரும்புள்ளி, வெண்புள்ளி எதுவும் இல்லாமல் அரிப்பு மட்டும் முன்னே நிற்கிறது என்றால் ஜெல்லை நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள், அதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும்.